சங்கரேஸ்வரியும் நிமிராத சீட்டும்

பம்பாய்த் தாராவியில் தொண்ணூறடி ரோட்டில் இறங்கி, சங்கரேஸ்வரி வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். "ஏரோப்பிளேன் அக்கா வீடு" என்று கேளுங்கள், கையோடு கூட்டிப் போய் வாசலில் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். ஒற்றை அறை, அதற்கு மேல் தகரம் போட்ட ஒரு மாடி, ஏறுவதற்கு இரும்பு ஏணி. அந்த வீட்டுக்காரி லண்டன், டொராண்டோ, டல்லஸ் என்று வருஷத்துக்கு நாலைந்து தடவை பறந்துவிட்டு வந்து, மறுநாள் காலையில் குழாயடியில் குடத்தோடு நிற்பாள்.

அவள் தொழில் அப்படி. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கிற தமிழ்க் குடும்பங்களின் பெண்கள் எங்கெங்கோ வெளிநாட்டில் போய்ப் பிள்ளை பெறுகிறார்கள். பெற்ற அம்மாவுக்கு முட்டி வலி இருக்கும், இல்லையென்றால் பேங்கில் லீவு கிடைக்காது. "சங்கரேஸ்வரியை அனுப்பிடலாம்" என்று முடிவாகும். டிக்கெட் அவர்கள் செலவு; எடுக்கும்போது மலிவாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். கழிப்பறைக்குப் பக்கத்து நடு சீட்டில், இரண்டு பக்கத்து ஆளும் தோளில் சாய்ந்து குறட்டை விட, முழங்காலை மடக்கியபடியே அவள் பாதி உலகத்தைத் தாண்டியிருக்கிறாள். இறங்கிய கையோடு குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவாள், பூண்டுக் குழம்பு வைப்பாள், காரணமில்லாமல் அழுகிற பிள்ளை பெற்றவளின் தலையைக் கோதிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். "எங்கம்மாவே வந்தது மாதிரி இருந்தது" என்று ஒவ்வொருத்தியும் சொல்லி அனுப்புவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, அதற்கும் வரியா போடப் போகிறார்கள்?

டிக்கெட்டுக்குப் பணம் யார் கொடுத்தாலும், பறந்த தூரம் பறந்தவர் பெயரில் பாயிண்டாகச் சேரும் என்பது அவளுக்கு ரொம்ப நாள் தெரியாது. சொல்லிக் கொடுத்தவன் காட்கோபர் சுரேந்திரன். ஆஸ்பத்திரி மெஷின் விற்கிற கம்பெனியில் வேலை. மாசத்தில் பாதி நாள் ஆகாயத்தில்தான் குடித்தனம். ஒரு பயணத்தில் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தவன், அவள் போனை வாங்கி எதையோ தட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான்.

"அக்கா, இவ்வளவு பாயிண்ட் சும்மா கிடக்கு. இதை வச்சு நீங்க பிசினஸ் கிளாஸ்லயே போலாம்."

"கோட்டுப் போட்டவுகளுக்கு நடுவுல போயி நான் என்ன தம்பி செய்யப் போறேன்?" என்று சிரித்தாள் சங்கரேஸ்வரி.

அவன் விடவில்லை. அடிக்கடி பறக்கிற பம்பாய்த் தமிழர்களுக்கென்று அவன் நடத்துகிற வாட்ஸாப் குழுவில் அவளையும் சேர்த்துவிட்டான். அந்தச் சமயத்தில் குழுவே ஒரே பரபரப்பாக இருந்தது. அவர்கள் வழக்கமாகப் போகிற விமானக் கம்பெனி, பழைய பிசினஸ் கிளாஸைப் பிய்த்து எறிந்துவிட்டுப் புதிதாக மாற்றுகிறதாம். ஒவ்வொரு சீட்டுக்கும் தனிக் கதவாம். மெத்தையாம், கம்பளியாம், கையகலத்துக்குப் பதிலாகச் சுவரகலத்துக்கு டிவியாம். எந்த விமானம் ஒர்க்‌ஷாப் போயிருக்கிறது, எது திரும்பி வந்தது, எது எந்த ஊருக்கு ஓடுகிறது என்று, கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பவர்களைப் போல விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. பழைய சீட்டுகள் படுத்திய பாடு அப்படி. ஒன்று பாதி சாய்ந்து நின்றுவிடும், ஒன்று சாயவே சாயாது. செம்பூர் ஆடிட்டர் ஒருவர் பல் டாக்டர் நாற்காலியில் கிடப்பதுபோல வாயைத் திறந்தபடி லண்டன் வரை போன கதையை வாரம் ஒருமுறை எழுதுவார். சங்கரேஸ்வரி எல்லாவற்றையும் படித்துவிட்டுச் சும்மா இருப்பாள். கதவு கேட்டு அழுகிற பெரிய மனுஷர்களை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பாக வரும்.

சிரிப்பெல்லாம் போன வருஷத்தோடு போயிற்று. டொராண்டோவிலிருந்து திரும்பி வந்த மறுநாள் இடது கால் தலையணை மாதிரி வீங்கிவிட்டது. காலுக்குள் ரத்தம் உறைந்திருக்கிறது, அது மேலே ஏறினால் உயிருக்கே ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டார்கள். மாத்திரை, ஊசி, இறுக்கமான காலுறை என்று மாசக்கணக்கில் போய் ஒருவழியாகத் தேறினாள். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இனி நெடுந்தூரம் உட்கார்ந்துகொண்டே பறக்கக் கூடாது, போய்த்தான் ஆக வேண்டுமென்றால் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போக வேண்டும், நடுநடுவே எழுந்து நடக்க வேண்டும்.

"போதும், ஊருப் பிள்ளைகளை எல்லாம் குளிப்பாட்டியாச்சு" என்று அவளும் மனசைத் தேற்றிக்கொண்டாள். அப்போதுதான் லண்டனிலிருந்து மகள் கோகிலவாணி போன் செய்தாள். கல்யாணமாகி ஏழு வருஷம். மாமியார் இல்லாத வீடு. இனி இல்லை என்றே எல்லோரும் நினைத்திருந்தபோது வயிற்றில் பிள்ளை.

ஊரில் ஒருத்தி விடாமல் எல்லாருடைய மகளுக்கும் அம்மா மாதிரி போய் நின்றவள், சொந்த மகளுக்குப் போக முடியாமல் தாராவியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"அம்மா, படுத்துட்டு வர்றதா இருந்தா வா. உக்காந்துட்டு வர்றதா இருந்தா வராதே" என்றாள் கோகிலவாணி. "உனக்கு என்னமோ ஆயிருமோன்னு பயந்துக்கிட்டே என்னால பிள்ளை பெத்துக்க முடியாது." அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆனா வாம்மா" என்றாள்.

சங்கரேஸ்வரி அன்றைக்குத்தான் முதன்முதலாகக் குழுவில் பேசினாள். டைப் அடிக்கப் பொறுமையில்லாமல் குரலிலேயே அனுப்பினாள். "எல்லாரும் கதவு, டிவின்னு சொல்லுதிய. எனக்கு அதெல்லாம் வேண்டாம். அந்தப் புது சீட்டு நெசமாவே நீட்டமாப் படுக்குமா? முக்காவாசி சாஞ்சு நின்னுகிடாதே?"

படுக்கும் அக்கா, கட்டில் மாதிரி படுக்கும் என்று ஏழெட்டுப் பேர் சத்தியம் செய்தார்கள். சுரேந்திரன் அவள் பாயிண்டுகளைப் போட்டு, புது கேபின் விமானம் ஓடுகிற நாளாகப் பார்த்து, பிசினஸ் கிளாஸ் உறுதி செய்து கொடுத்தான். குழுவே அவளுக்காக அந்த விமானத்தைக் கண்காணித்தது. நேற்று டெல்லியில் இருக்கிறது, இன்று காலையில் பம்பாய் வந்துவிடும் என்று தகவல் வந்துகொண்டேயிருந்தது.

வந்தது என்னவோ வேறொன்று. பகல் விமானம்; ஏர்போர்ட் கண்ணாடி வழியாக அது வெயிலில் நிற்பதைப் பார்த்தபோதே அவள் போன் அதிர்ந்தது. "அக்கா, விமானத்தை மாத்திட்டாங்க. இது பழசு" என்று சுரேந்திரன் எழுதியிருந்தான். அது போதாதென்று கேட்டில் நின்ற பையன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

"ஆன்ட்டி, சாரி. பிசினஸ்ல உங்க சீட் கராப், கெட்டுப்போச்சு. வேற சீட் காலி இல்ல. பாயிண்ட்ல வந்தவங்களைத்தான் முதல்ல பின்னாடி அனுப்புவோம். உங்க பாயிண்ட் திரும்பி வந்துடும். பின்னால ஜன்னல் சீட் தர்றேன்."

சங்கரேஸ்வரி அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பின்னால் ஏறி உட்கார்ந்து போய்விடலாம், மகளிடம் படுத்து வந்தேன் என்று பொய் சொல்லிவிடலாம். ஆனால் போய் இறங்குகிற இடத்தில் கால் வீங்கினால், நிறைமாசப் பிள்ளைத்தாய்ச்சி இவளுக்கல்லவா ஆஸ்பத்திரியில் காவல் கிடக்க வேண்டும்? வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. திரும்பி வீட்டுக்கே போய்விடுவதென்று அவள் பையைத் தூக்கிவிட்டாள். போகிற போக்கில், யாரையாவது திட்ட வேண்டும் என்கிற ஆத்திரத்தில், அந்தப் பையனிடம் கேட்டாள்.

"அந்த சீட்டுக்கு அப்படி என்னதான் நோக்காடு?"

பையன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். "பெட் பொசிஷன்ல ஜாம் ஆயிருக்கு ஆன்ட்டி. படுத்தது படுத்தபடியே இருக்கு. நிமிரவே மாட்டேங்குது."

சங்கரேஸ்வரி பையைக் கீழே வைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சின்னச் சிரிப்பில்லை, வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. "படுத்தா எந்திரிக்க மாட்டேங்குதா? ஏ மக்கா, அதுக்குத்தான நான் இம்புட்டுப் பாடு பட்டேன்! எனக்கு அந்தச் சீட்டுதான் வேணும்!"

பையன் முழித்தான். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் சீட் நிமிர்ந்திருக்க வேண்டும், அது சட்டம் என்றான். உள்ளே போன் போட்டான். கொஞ்ச நேரத்தில் விமானத்திலிருந்து பணிப்பெண்களின் தலைவி வந்தாள். ஷ்யாமளா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. நெற்றியில் சின்னப் பொட்டு. செம்பூரில் பிறந்து வளர்ந்தவள் என்று வாயைத் திறந்ததும் தெரிந்தது.

"என்ன ஆன்ட்டி ப்ராப்ளம்? மெதுவா சொல்லுங்கோ."

சங்கரேஸ்வரி காலைக் காட்டினாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். மகளைச் சொன்னாள். "ஏறும்போதும் எறங்கும்போதும் நான் பின்னாடி எஞ் சீட்டுல உக்காந்துகிடுதேன் தாயி. ஆகாயத்துக்குப் போனப்பொறவு அந்தக் கெட்டுப்போன சீட்டுல என்னயக் கெடத்திரு. அது நிமிர வேண்டாம். எனக்காக அது நிமிரவே வேண்டாம்."

ஷ்யாமளா உதட்டைக் கடித்தாள். "இப்படி யாரும் கேட்டதில்ல ஆன்ட்டி. எல்லாரும் சீட் படுக்கலைன்னுதான் என்னைத் திட்டுவா." கேப்டனிடம் கேட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். அவள் போய் வருகிற வரைக்கும் சங்கரேஸ்வரிக்கு முத்தாரம்மன் பெயரைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை.

திரும்பி வந்த ஷ்யாமளாவின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "பறக்கும்போது பரவாயில்லைன்னுட்டார். பெல்ட் மட்டும் போட்டுக்கணும். விமானம் குலுங்கினா நான் கூப்பிடுவேன், உடனே பின்னாடி போயிடணும். சலேகா, சம்மதமா?"

"சலேகா சலேகா" என்றாள் சங்கரேஸ்வரி. அந்தப் பெண்ணின் இரண்டு கன்னத்தையும் வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறித்தாள். பின்னால் நின்ற கோட்டுக்காரர்கள் இதென்ன புது மாதிரி செக்கிங் என்பதுபோலப் பார்த்தார்கள்.

விமானம் மேலேறி, பெல்ட் விளக்கு அணைந்ததும் ஷ்யாமளாவே வந்து அழைத்துப் போனாள். கதவில்லை, பெரிய டிவியில்லை. கைப்பிடியில் தோல் உரிந்திருந்தது. சீட்டின் குறுக்கே சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. டேப்பைப் பிரித்துப் போர்வையை விரித்து, இடது காலுக்கு அடியில் இரண்டு தலையணையும் வைத்தாள் அந்தப் புண்ணியவதி. சங்கரேஸ்வரி காலை நீட்டினாள். கால் நீண்டது, இன்னும் நீட்டினாள், இன்னும் இடமிருந்தது. இத்தனை வருஷமாக ஆகாயத்தில் பறந்தவளுக்கு, ஆகாயத்தில் முழங்கால் நிமிர்ந்தது அன்றைக்குத்தான். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்து சீட்டுக்காரர் தன் சீட்டைச் சாய்ப்பதற்காகப் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, அது பாதியில் நின்றுபோக, அவளைப் பொறாமையோடு பார்த்தார். பாவம், அவர் கட்டணம் முழுசாகக் கட்டியவர். அவள் நன்றாகத் தூங்கினாள், எழுந்து நடந்தாள், மறுபடி தூங்கினாள். இறங்கப் போகிறோம் என்று ஷ்யாமளா எழுப்பியபோது, அந்தச் சீட்டை ஒரு தட்டுத் தட்டி, "நல்லா இரு" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனாள்.

புது கேபின் எப்படி இருந்தது என்று குழுவில் கேட்டவர்களுக்கு லண்டனிலிருந்து அவள் குரல் போயிற்று: "புதுசு வரல. பழசுதான். ஆனா ஒண்ணு சொல்லுதேன், அந்தச் சீட்ட யாரும் ரிப்பேர் பாத்துராதிய." செம்பூர் ஆடிட்டருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை என்று கேள்வி.

அந்த வாரத்திலேயே கோகிலவாணிக்கு வலி எடுத்துவிட்டது. முதல் பிரசவம், சீக்கிரம் முடியவில்லை. மாப்பிள்ளை மகேஷ்குமார் வியர்த்து விறுவிறுத்து வெளியே போவதும் வருவதுமாக இருந்தான். சங்கரேஸ்வரி கட்டிலோடு ஒட்டி நின்று, மகளின் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். யார் யார் மகளுக்கோ தேய்த்த கை அது. நர்ஸ் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள்.

ஒரு வலி ஓய்ந்து அடுத்தது வருவதற்குள் கோகிலவாணி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "அம்மா, நீ உக்காரும்மா. கால் வீங்கிரும்."

"எதுக்கு உக்காரணும்? வழி பூரா மகாராணி மாதிரி படுத்துல்லா வந்திருக்கேன். யாருக்காக? இங்க நிக்கதுக்குத்தாம்ட்டி. நீ என்னயப் பாக்காத. முக்கு."

கோகிலவாணி அம்மாவின் கையை நொறுங்கிவிடுகிற மாதிரி பிடித்துக்கொண்டு முக்கினாள். பேத்தி பிறந்து, முதல் அழுகை அழுதபோது, சங்கரேஸ்வரி நின்றுகொண்டுதான் இருந்தாள்.