ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்காத பச்சைச் சட்டைக்காரர்

போன வருஷம் மழை ஓய்ந்திருந்த சமயம். ராமநாதபுரத்தில் நான் ஓர் இ-சேவை மையம் நடத்துகிறேன். வருமானச் சான்று, வாரிசுச் சான்று என்று நாள் முழுக்க அடுத்தவர் காகிதங்களைப் புரட்டுவதுதான் பிழைப்பு. வருகிறவர்களில் பாதிப் பேர் எதையாவது மறைப்பார்கள். போதாததற்கு, நான் பிறந்தது கமுதியில் மிளகாய் வியாபாரம் செய்கிற வீட்டில். மூட்டையின் மேலே நல்ல வற்றல் தெரிந்தால் உடனே அடியில் கையை விட்டுப் பார்க்கிற பரம்பரை. "கோயில்ல குடுக்குற துண்ணூறையே மோந்து பாத்துட்டுப் பூசுற ஆளு நீ" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அப்போதுதான் ஓர் ஆன்லைன் விளையாட்டின் பீட்டா சோதனைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியிடும் முன்பு கொஞ்சம் பேரை விளையாட விட்டு, எங்கே கோளாறு, எது பிடித்தது என்று கேட்பார்களே, அது. பழைய காலத்துக் கடற்கரை ராஜ்ஜியம் ஒன்று. அதில் நாம் போர்வீரராகலாம், வியாபாரியாகலாம், மீனவராகலாம். வாராவாரம் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். என் குதிரை சுவருக்குள் பாதி புகுந்து நின்றதையும், கடைக்காரரின் மீசை மட்டும் அந்தரத்தில் தனியாகத் தொங்கியதையும் விலாவாரியாக எழுதினேன். நன்றாகக் கவனிக்கிறீர்கள் என்று பாராட்டி, இருபது பேர் கொண்ட எங்கள் குழுவுக்கு என்னையே தலைவியாக்கிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் குழுவில்தான் பச்சைச் சட்டை போட்ட ஒரு மீனவர் இருந்தார். நாங்கள் எல்லாம் மணிக்கணக்கில் வலை போட்டு ரெண்டு நண்டும் ஒரு கிழிந்த செருப்பும் எடுத்துக்கொண்டு வருவோம். அவர் மட்டும் படகு நிறைய மீனோடு கரைக்கு வருவார். யாரோடும் பேச மாட்டார். கடலில் நேராக ஏதோ ஓர் இடத்துக்குப் போவார், வலையை விடுவார், அள்ளுவார். அது எப்படி முடியும்? ஆள் இல்லாமல் தானாக விளையாடுகிற ஏதோ திருட்டு மென்பொருள் வைத்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. குழுவில் மற்றவர்களும் முணுமுணுத்தார்கள்.

விடுவேனா? பத்து நாள் அவர் பின்னாலேயே என் படகை விட்டேன். நேரம் குறித்தேன், படம் பிடித்தேன். "நீங்கள் மனிதர்தானா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். வெகுநேரம் கழித்து "ம்" என்று ஒரே எழுத்து வந்தது. இதை இயந்திரமும் சொல்லுமே! அதைவிடப் பெரிய துப்பு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. ஆறு நாளும் ஓடுகிற ஆள், ஞாயிறு மட்டும் கடலுக்கே போகவில்லை. படகைக் கரையில் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் மரம் மாதிரி நின்றார். அடுத்த ஞாயிறும் அதே கதை. இயந்திரத்துக்கு வார ஓய்வு கொடுக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அதையே முதல் ஆதாரமாக எழுதி, படங்களை இணைத்து, தலைவி என்ற முறையில் புகார் அனுப்பினேன். இரண்டே நாளில் பச்சைச் சட்டையையும் படகையும் நீக்கிவிட்டார்கள். எனக்கு அவ்வளவு பெருமை.

மறுநாள் குழுவின் வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. பெண் குரல்.

"நான் பாம்பன் பக்கம் கடல்ல முங்கிப் பாசி எடுக்குற பொம்பளங்க. என் படகக் காணோம். நான் கள்ள ஆட்டம் ஆடுறேன்னு யாரோ எழுதிக் குடுத்துருக்காக. சந்தேகம் இருந்தா நேர்ல வந்து பாத்துக்கங்க."

அப்போதும் நான் நம்பவில்லை. யாரையாவது பிடித்துப் பேச வைத்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். கையும் களவுமாகப் பிடிக்க, கடைக்கு விடுமுறையான ஞாயிறு காலை பாம்பனுக்குப் பஸ் ஏறினேன். குழுத் தலைவி என்று மட்டும் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். அப்போதுதான் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்திருந்தார். விரல் நுனியெல்லாம் பாறை கிழித்த காயம். "பெருவிரல வச்சு படக ஓட்டிருவேங்க்கா. எழுத்து அடிக்கத்தேன் வலிக்கும்" என்றார். நான் என் போனில் விளையாட்டைத் திறந்து, மீன் இருக்கும் இடம் எப்படித் தெரியும் என்று விசாரணை மாதிரி கேட்டேன். அவர் திரையைப் பார்த்ததும் சட்டென்று ஒரு மூலையைக் காட்டினார்.

"இந்தா, இங்கன தண்ணி கறுத்துக் கெடக்குல்ல? மேல குருவி எறங்கி எறங்கி ஏறுது பாருங்க. அதுக்குக் கீழதேன் மீனு."

வலையை விட்டேன். நிறைந்து வந்தது. அந்தப் பறவைகளை நான் அத்தனை நாளும் அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

விடாமல், ஞாயிற்றுக்கிழமை ஏன் போகவில்லை என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம எப்புடிக்கா கடலுக்குப் போறது? எங்க ஊருல ஒரு வள்ளமும் எறங்காது. வெளையாட்டுன்னா மட்டும் எறங்கலாமா?"

என் முதல் ஆதாரம் அதுதான்.

அவரே தொடர்ந்து பேசினார். "பாசி எடுக்கப் போகையில வள்ளத்துல ஏத்திக்கிருவாக. பொம்பளைகள வல போட விட மாட்டாக. சின்னதுல இருந்து கேட்டுப் பாத்துட்டேன், எங்கய்யா ஒத்துக்கவே இல்ல. இதுலதேன் எனக்குன்னு ஒரு படகு, என் பேரையே எழுதி வச்சிருந்தேன்." படகில் இருந்த அந்தப் பெயரை நானும் பார்த்திருக்கிறேன். மகள் பெயரையோ மனைவி பெயரையோ எழுதியிருப்பார் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன்.

"எழுதிக் குடுத்தது நாந்தேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் திரும்பிப் போகவும் மனசு ஒரு நிமிஷம் கணக்குப் போட்டது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. "காபி ஆறுது, குடிங்க்கா" என்றார். அழுகை வந்துவிட்டது எனக்கு.

அங்கேயே உட்கார்ந்து, என் புகார் தவறு என்று நிறுவனத்துக்கு எழுதினேன். கணக்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். நீக்கிய படகை மீட்க வழியில்லை, முதலிலிருந்து ஆடச் சொல்லுங்கள் என்றார்கள். அதையும் அவருக்குச் சொன்னேன். இரண்டு வாரம் காத்திருந்தேன், பச்சைச் சட்டை வரவே இல்லை. கூப்பிட்டேன். "கோவமெல்லாம் இல்லக்கா. மறுபடி ஏற மனசு வரல" என்றார், அவ்வளவுதான்.

அந்த விளையாட்டு இப்போது வெளிவந்து எத்தனையோ பேர் ஆடுகிறார்கள், ஆனால் 'போகட்டும், அது விளையாட்டுப் படகுதானே' என்று யாராவது எனக்குச் சமாதானம் சொன்னால் கோபம்தான் வருகிறது; அவரிடம் இருந்தது அந்த ஒரு படகு, அதைப் பிடுங்கியது நான்.