வாசலில் விட்ட ஊன்றுகோல்

ஓட்டுக் கம்பெனியில் சூளை மேலிருந்து விழுந்து அப்பாவின் இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு எப்படியோ சேர்ந்துகொண்டது, கால்தான் குட்டையாகிப் போனது. வேலையும் போயிற்று. ஊனமான தொழிலாளிக்கு மாதாமாதம் தரவேண்டிய உதவித்தொகையைக் கேட்டோம். கிடையாது என்றார்கள். அதற்குக் காரணம் அப்பாவேதான்.

எங்கள் சபையில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் ஆராதனைக்குப் போவோம். அப்பா செருப்போடு ஊன்றுகோலையும் வெளியே சாய்த்து வைத்துவிட்டு, பெஞ்சு பெஞ்சாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார். பெரிய இடத்தில் கம்போடு நிற்பது மரியாதைக் குறைவு என்பது அவர் எண்ணம். உதவித்தொகைக்காக ஊனத்தைச் சோதித்த மெடிக்கல் போர்டு டாக்டர்களையும் அந்தப் பெரிய இடத்தில் சேர்த்துவிட்டார். கம்பை வாசலில் விட்டு, சுவரைப் பிடித்துப் போய், பல்லைக் கடித்து நிமிர்ந்து நின்றிருக்கிறார். துணையின்றி நடக்கிறார் என்று அவர்கள் எழுதிவிட்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா இல்லாத வீடு. நான் டைப்பிங் படிப்பை விட்டு அண்டியாபீசில் முந்திரி உடைத்துக்கொண்டிருந்தேன். கேட்பவர்களிடம் என்ன சொல்வது? மரியாதை பார்த்துச் சோற்றைத் தொலைத்தார் என்றா?

கோர்ட்டுக்குப் போனோம். தொழிலாளர் வழக்குகளுக்கு ஜட்ஜி நெய்யாற்றின்கரைக்கு வந்து உட்காரும் நாளில் எங்கள் வழக்கு வந்தது. உதியன்குளங்கரையில் பஸ் ஏறியதிலிருந்து நான் ஒரே பாட்டுத்தான் பாடினேன்.

"அப்பா, கம்ப வெளிய வச்சிராதீங்க. நடக்க முடியலேன்னா முடியலேன்னு சொல்லணும்."

"ஏ பிள்ளே, நான் கள்ளனாட்டம் அழுது காட்டவா போறேன்?"

கோர்ட்டு வராந்தாவில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழாயடிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். ஒவ்வொரு பெயர் கூப்பிடும்போதும் உள்ளே எட்டிப் பார்த்தேன். அப்பாவோ கல்யாணத்துக்கு வந்தவரைப் போலச் சட்டைக் கையை நீவிக்கொண்டிருந்தார்.

கூப்பிட்டார்கள். கம்பை நானே அவர் கையில் திணித்தேன். உள்ளே போனதும் அதைக் குடையைப் போலக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் போர்டின் அறிக்கையைப் படித்துவிட்டு, கம்பில்லாமல் நடப்பீர்கள்தானே என்று மலையாளத்தில் கேட்டார். எங்கள் வக்கீல் எழுந்திருப்பதற்குள் அப்பா பதில் சொல்லிவிட்டார்.

"நடப்பேன் சாரே."

கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு நடந்தார். போகும் வழியில் பிடித்துக்கொள்ள பெஞ்சும் இல்லை, சுவரும் இல்லை. நிமிர்ந்த முதுகோடு ஜட்ஜியின் மேடை வரைக்கும் போய்விட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"இனித் திரும்பி வாருங்கள்" என்றார் ஜட்ஜி.

அப்பா திரும்பவில்லை. முழங்கால் வெடவெடவென்று ஆடியது. கழுத்தில் வியர்வை வழிந்தது. மேடையின் விளிம்பைப் பிடித்தார். பிடி நழுவி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜட்ஜியே பதறி எழுந்தார். நான் ஓடிப்போய்த் தூக்கினேன்.

அடுத்த அமர்வில் தீர்ப்பு வந்தது. போர்டின் முடிவு செல்லாது, உதவித்தொகை தரவேண்டும். நான் அங்கேயே அழுதுவிட்டேன். இனி டைப்பிங்குக்குத் திரும்பலாம், கடன் பாக்கியை அடைத்துக் கடைக்காரர் முகத்தை நேராகப் பார்க்கலாம்.

"ஜெயிச்சாச்சுப்பா!" என்றேன் பஸ்ஸில்.

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் நொண்டியாக்கும்னு கோர்ட்டே சொல்லியாச்சு. இல்லியா மக்கா?"