லெஃப்ட் கார்னர் போன ஒரே ரைடு

கபடியில் கார்னர் வேலை, கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவன் வேலை மாதிரி. எல்லாம் சரியாக நடந்தால் யாரும் உங்கள் பெயரைக் கேட்க மாட்டார்கள். ரைடர் எதிர்ப் பக்கம் போய் ஆளைத் தொட்டுவிட்டு ஓடி வருவான், கைதட்டல் அவனுக்கு. எதிர் ரைடர் நம் பக்கம் வரும்போது மூலையில் குனிந்து நின்று அவன் கணுக்காலைப் பிடிக்கிறவன் கார்னர். மூன்று வருஷம் காலேஜ் டீமில் நான் லெஃப்ட் கார்னர். அடுத்தவன் பெயர் மைக்கில் வருவதற்காக முட்டியைத் தேய்த்துக்கொண்ட சக பாவிகளே, இது உங்களுக்குத்தான்.

செலக்‌ஷன்

ரைடர் ஆகத்தான் போனேன். லீவு நாளெல்லாம் அம்மாவோடு மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிய கை என்னுடையது. பி.டி. சார் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார், தன் காலை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். உதறினார், வரவில்லை. மறுபடி உதறினார். "டேய், வுட்றா, வலிக்குது! நீ ரைடுக்கெல்லாம் போவாத, மூலையில நில்லு."

அனுமந்தை போட்டோ

அனுமந்தை டோர்னமெண்டில் ஜெயித்த அன்று ஒரு போட்டோ எல்லார் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஓடியது. எதிர் ரைடர் விழுந்து கிடக்கிறான்; அவன்மேல் எங்கள் ஆட்கள் ஐந்து பேர், எல்லார் முகமும் பளிச்சென்று தெரிகிறது. நான் அடியில் மூச்சு முட்டிக் கிடந்தேன். பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடிவிட்டு, வெறுப்பில் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் உப்பளத்தில் அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கூட வேலை செய்கிறவர்களிடம் அதைக் காட்டிக்கொண்டிருந்தாள். "மேல இருக்கறவங்க யாரோ எவரோ. கீழ கால புடிச்சினு இருக்குது பாரு ஒரு கை, அது எம்புள்ளையோடது."

ஒரே ஒரு ரைடு

கேப்டன் தினேஷ்தான் எங்கள் ரைடர். ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாலும் அவனிடம் கெஞ்சுவேன். ஜெயிக்கிற மேட்சாகவே இருக்கட்டும், கடைசி நிமிஷத்தில் ஒரே ஒரு ரைடு. பாயிண்ட் கூட வேண்டாம். ரைடுக்குப் போகிறவன் பெயரை மைக்கில் சொல்வார்கள், அதை ஒரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான். மைக்கில் பேசுகிறவர் குரலில் நானே என் பெயரைச் சொல்லிப் பார்த்ததுகூட உண்டு. வெட்கம்தான், என்ன செய்வது. தினேஷ் தோளில் கை போட்டு ஒரே பதிலைச் சொல்வான். "நீ மூலையில நிக்கறன்ற தைரியத்துலதான் மச்சான் நான் ரைடுக்கே போறேன்."

ஃபைனல்

மூன்றாம் வருஷம், எங்கள் காலேஜ் கிரவுண்டு. ஸ்கோர் சமம். கடைசி ரைடு எங்களுடையது. ஆனால் தினேஷ் உட்பட ஆறு பேரும் அவுட். மிச்சம் நான் ஒருத்தன். வேறு வழியில்லாமல் மைக் சொன்னது: "ரைடுக்குப் போறாரு... ஏழுமலை!" கிரவுண்டே திருப்பிக் கத்தியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கபடி பாடிக்கொண்டே போனேன். எதிர் கார்னர் காலை முன்னே வைத்தான். குனிந்து கையை நீட்டினேன், அவன் கணுக்காலில் பட்டுவிட்டது. இனி ஓடி வந்து கோட்டைத் தொட்டால் போதும், கப்பு எங்களுக்கு. ஆனால் என் கை மூன்று வருஷமாகச் செய்ததையே செய்தது. கணுக்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஏழு பேரும் என்மேல் விழுந்தார்கள். "ஏழுமலை அவுட்" என்றது மைக்.

எழுந்து உட்கார்ந்தபோது அந்தக் கார்னர் காலைத் தேய்த்துக்கொண்டே, கிண்டலே இல்லாமல், நிஜமான சந்தேகத்தோடு கேட்டான். "தொட்டுட்டீங்க இல்லண்ணா, ஓட வேண்டியதுதான? எதுக்குண்ணா புடிச்சீங்க?"

இப்போது மரக்காணத்தில் லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றுகிறேன். ரோட்டோரம் எங்காவது கபடி மைக் கேட்டால் பைக்கை ஓரங்கட்டி நின்றுவிடுகிறேன். அந்த ரைடை இன்னொரு தடவை கொடுத்தால் தொட்டுவிட்டு ஓடி வந்துவிடுவேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் இந்தக் கையை எனக்குத் தெரியும்.