சங்கிலிச் சொட்டை

கடல் பின்வாங்கிய வற்ற நேரம். சலூன்காரர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஈர மணலில் மண்டியிட்டு, அகலப்பல் சீப்பால் கடற்புல்லைச் சீவிக்கொண்டிருக்கிறார். இலைகளில் பஞ்சுபோல் ஒட்டிய பாசி சீப்போடு வருகிறது. உதறிவிட்டு அடுத்த கொத்துக்கு நகர்கிறார். "தலையில அழுக்கு அடைஞ்சா முடி எப்படி வளரும்? வெயில் பட வேண்டாமா?" என்று ஒரு நண்டிடம் கேட்கிறார். நண்டு வளைக்குள் போய்விடுகிறது. கடையிலும் அவர் பேச்சுக்குத் தப்பி நழுவப் பார்ப்பவர்கள் உண்டு. கழுத்தில் துணியைக் கட்டிவிடுவதால் முடிவதில்லை.

வயது அறுபத்தெட்டு. படிப்பு மூன்றாம் வகுப்பு. "பள்ளிக்கூடம் என்னை விடல, நான்தான் அதை விட்டேன்" என்பார். ஊரான் கடையில் உதிர்ந்த முடியைப் பெருக்க ஆரம்பித்த கை அது. இன்று அதே துறைமுகத் தெருவில், சுழல் நாற்காலி இரண்டு போட்ட கடை அவருடையது. தலை என்னவோ துலக்கிய பித்தளைக் குடம். அதற்கு ஈடுகட்ட ஒரு மீசை. இரண்டு முனையும் காது வரை போய் நலம் விசாரித்துவிட்டுத் திரும்பும். வெட்டி முடித்தபின் கைக்கண்ணாடியைப் பிடரிக்குப் பின்னால் இடமும் வலமும் காட்டாமல் யாரையும் எழுந்திருக்க விடமாட்டார். வந்தவர் தலையாட்ட வேண்டும். ஆட்டுகிற வரை நிற்பார்.

கடை ஜன்னலிலிருந்து பார்த்தால், வற்றத்தில் புல்வெளி பச்சைப் பசேலென்று கிடக்கும். நடுவில் வட்டமாக ஒரு சொட்டை. அவர் மனைவியின் தம்பி உல்லாசப் படகு ஓட்டுகிறவர். நங்கூரம் போடுவது அங்கேதான். காற்று திரும்பும்போதெல்லாம் சங்கிலி சுற்றிச் சுற்றி இழுபட்டு, புல்லை வேரோடு வழித்துவிட்டது. தொழில் தெரிந்தவன் கண்ணெதிரே ஒரு சொட்டை இருந்தால் சோறு இறங்குமா?

"என் கடைக்கு எதிரே புல் அழிகிறது, உடனே கவனிக்கவும்" என்று நகர அலுவலகத்துக்கு மனு எழுதினார். பூங்காப் பிரிவிலிருந்து தண்ணீர் லாரி வந்தது. ஓட்டுநர் கையிலிருந்த குழாயைப் பார்த்தார், கடலைப் பார்த்தார்.

"ஐயா, எங்க ஊத்தணும்?"

"அதோ, அதுலதான். தாகமா கிடக்காம்."

இரண்டாவது மனு எப்படியோ கடல்வள அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. படகை இரண்டு வருடத்துக்கு வேறு துறைக்கு மாற்றினார்கள். அதற்குள் சொட்டையில் பாதியாவது புல் மூட வேண்டும். இல்லையேல் படகு பழைய இடத்துக்கே வந்துவிடும்.

படகுக்காரர் கடைக்கே வந்து, ஆட்கள் காத்திருக்கும் நேரம் பார்த்துக் கேட்டார்: "மாமா, உங்க தலையிலயே ஒரு முடி முளைக்கல. கடல்ல முளைக்க வைக்கப் போறீங்களா?"

"இறால் குஞ்சும் மீன் குஞ்சும் தொட்டில் கட்டிக் கிடக்குற இடம் மச்சான் அது! புல்லு வேரோட போச்சுன்னா மண்ணு அரிச்சு என் நாற்காலி உன் படகு பக்கத்துல மிதக்கும். புல் வரலைன்னா இந்த மீசையை எடுத்துடறேன். இதே நாற்காலியில, உன் கையால!"

சொல் சொல்தான். அலை கரையில் ஒதுக்கிய புல்லை வேரோடு பொறுக்கி, ஹேர்பின்னை வளைத்துக் குத்தி மண்ணில் உட்காரவைத்தார். அந்தப் பின் துருப்பிடித்து மண்ணாவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. முதல் வருடம் நட்டது முழுக்க அலையோடு போயிற்று. மறுபடி நட்டார். வீட்டில் கொண்டை நிற்கவில்லை. "இந்த வயசுல எனக்கு ஒரு சக்களத்தி, அதுவும் உப்புத் தண்ணியில" என்றார் மனைவி.

கெடு முடிந்து கடல் ஆய்வாளர் அம்மா வந்தார். கையில் நூலால் பத்துக் கட்டம் பின்னிய சட்டம். படகுக்காரரும் வந்தார். கையில் பெட்டி பிரிக்காத சவரக்கத்தி.

அம்மா குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஐயா, இலையெல்லாம் ஒரே மட்டமா இருக்கே! நுனியப் பாருங்க. கடலாமை வந்து மேஞ்சிருக்கு!" பேனாவைத் திறந்தார். "ஆமை மேயுற இடம்னா எண்ணவே வேண்டாம். இனிமே எந்தப் படகும் இங்க நிக்க முடியாது." எழுத ஆரம்பித்தார்.

சலூன்காரர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். புல்லும் பிழைத்தது, மீசையும் பிழைத்தது. மூடித்தான் பார்த்தார். மீசை இரண்டு பக்கமும் துடித்தது.

"என்ன நேர்த்தியான மேய்ச்சல்!" என்றார் அம்மா.

அதற்கு மேல் தாங்கவில்லை. "ஆமையா? அம்பது வருசக் கை இதும்மா! ஆமைக்கு இந்த மட்டம் வருமா?" சட்டைப் பையிலிருந்து கத்தரி வெளியே வந்தது. "நீங்க வர்றீங்கன்னு நேத்து நுனியை மட்டும் லேசா தட்டிவிட்டேன். பரட்டையா நின்னா நமக்குத்தானே அசிங்கம்?"

அம்மா எழுதியதை அடித்தார். "நல்லவேளை, இது அடியிலருந்து வளர்ற இலை. நுனி போனா சாகாது."

"முடியும் அப்படித்தாம்மா, இதைத்தானே நான் ரெண்டு வருசமா..."

"பேசாதீங்க. இப்ப எண்ணித்தான் ஆகணும். பத்து இடத்துல சட்டத்தை வெச்சா நூறு கட்டம், அதுல அம்பதுல புல் இருக்கணும்."

படகுக்காரர் பெட்டியைப் பிரித்தார். "மாமா, பேசாம ஆமையையே நம்பியிருக்கலாம்."

சட்டம் ஒவ்வோர் இடமாக நகர்ந்தது. சலூன்காரர் மீசையைக் கையால் பொத்திக்கொண்டு பின்னாலேயே போனார். பத்தாவது இடத்துக்கு வந்தபோது கணக்கு நாற்பத்தெட்டு. சட்டத்துக்குள் அழுக்குப் பாசியைத் தவிர ஒன்றுமில்லை. படகுக்காரர் கத்தியை வெயிலில் திருப்பிப் பார்த்தார். அம்மா சற்று நேரம் பாசியையே பார்த்திருந்தார். பிறகு நிமிராமலே கையை நீட்டினார்.

"அந்தச் சீப்பைக் குடுங்க."

பாசி சீப்போடு வந்தது. அடியில் விரல்நீளத் தளிர்கள், வரிசையாக. "நாப்பத்தொம்பது. அம்பது. அம்பத்தொண்ணு. அம்பத்திரெண்டு."

கத்தி பெட்டிக்குள் போயிற்று. கடல் திரும்பி ஏறத் தொடங்கியதும் மற்ற இருவரும் கரையைப் பார்த்து நடந்தார்கள். சலூன்காரர் மட்டும் கணுக்கால் தண்ணீரில் நின்று, பையிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்தார். குனிந்து, புல்லுக்குப் பின்னால் இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை காட்டினார். அலை வந்து அது தலையாட்டுகிற வரை நின்றார்.