அறுத்து ஏற்றிய குழாய்கள்

அமோனியா கண்ணில் பட்டால் உடனே ஓடும் நீரில் கழுவ வேண்டும் என்பது விதி. தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரியாக ஓய்வு பெற்ற நான் அதைப் பலருக்குப் பாடமாக எடுத்தவன்.

நானும் மைத்துனன் மணியமும் தொடங்கிய பழைய இரும்பு வியாபாரத்தில் முதல் வேலை, மலேசியாவில் கோலா சாவா பக்கம் மூடிக் கிடந்த ரப்பர் தோட்டத்தைச் சுத்தம் செய்வது. காலையிலேயே தண்ணீர்க் குழாய்களை அறுத்து லாரியில் ஏற்றிவிட்டோம். ரப்பர் பால் கொட்டகையில், பால் உறையாமலிருக்கக் கலக்கும் அமோனியா சிலிண்டர்கள் இரண்டு கிடந்தன.

“தொடாதே, எழுதிக் கேட்டுட்டுத்தான் எடுக்கணும்” என்றேன்.

“காலி லா மச்சான். இதுக்கும் ஒரு சூராட்டா, கடுதாசியா?” என்று சிரித்தபடி ஒன்றைச் சுத்தியலால் தட்டினான். வால்வு தெறித்தது.

“கண்ணு எரியுது மச்சான்!”

வெளியே இழுத்து வந்தேன். தண்ணீர் எங்கே? குழாய்கள் லாரியில் துண்டுதுண்டாகக் கிடந்தன.

பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்த இந்தோனேசியர் ஒருவர் அலறல் கேட்டு ஓடி வந்தார். அந்த வெயிலுக்கு வைத்திருந்த குடிதண்ணீர் முழுவதையும் மணியத்தின் கண்களில் ஊற்றினார். தீர்ந்ததும் கூட்டாளிகளின் தண்ணீரையும் வாங்கி வந்தார். அவர் எதையும் கேட்கவில்லை. நான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

“கண் கட்டை அவிழ்த்தால்தான் பார்வை இருக்கிறதா என்று தெரியும்” என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

மிஞ்சிய சிலிண்டரை அகற்றும்படி அன்றே தோட்ட நிர்வாக அலுவலகத்துக்கு முறைப்படி எழுதினேன். பதில் வந்தது மணியத்தின் கண் கட்டை அவிழ்த்த அன்று.

“யாரும் தொடக்கூடாதாம் மச்சான்” என்று அவனே வாசித்துக் காட்டினான்.