ஈர நாளிதழில் எலும்பு இல்லை

குளிக்கிற அண்டாவில் ஒரு மாதத்து ஆங்கில நாளிதழ்கள் ஊறிக்கொண்டிருந்ததால் அன்று எங்கள் வீட்டில் யாரும் குளிக்கவில்லை. கல்கத்தாவில், லேக் கார்டன்ஸில், ஒரு வாடகை வீட்டின் முதல் மாடி. அறுபதுகளின் கடைசி. ஊறவைத்தவன் நான். எனக்குப் பத்தொன்பது வயது, கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு. உலகத்தில் எதையும் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

"எத்தனை நாழிடா ஊறணும் இது?" என்று அம்மா வாசலில் நின்று கேட்டாள்.

"ராத்திரி பூரா."

"என்ன இது, கொண்டைக்கடலையா? நான் தலைக்கு ஊத்திக்கணும்."

அத்திம்பேருக்காகத்தான் இத்தனையும். அக்காவின் கணவர். ஜல்பாய்குரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் உதவி மேலாளர். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார மேலாளர் ஒருவருடைய ரைபிள் அவரிடம் வந்து சேர்ந்திருந்தது, லைசென்ஸும் வாங்கியிருந்தார். முட்டைகூடத் தொடாதவர். ஆனால் தொழிலாளர் குடியிருப்புப் பக்கம் காட்டுப்பன்றி வந்தால் சுடுவதற்கு அந்தத் தோட்டத்தில் வேறு ஆள் இல்லை.

முந்தின மாதம் ஒரு பன்றியைச் சுட்டார். குண்டு பட்டது; பன்றி விழவில்லை. வெறிபிடித்து ஓடிய வழியில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியின் தொடையைக் கிழித்துவிட்டுப் போனது. மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இனிக் கோல் இல்லாமல் நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பன்றி இன்னும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

கம்பெனி வேலையாகக் கல்கத்தா வந்த அத்திம்பேர் ரைபிளையும் இரண்டு தோட்டா டப்பாக்களையும் கையோடு கொண்டு வந்திருந்தார். ஒன்று வெள்ளைக்காரர் விட்டுப்போன பழையது, அன்று சுட்டது அதிலிருந்து. இன்னொன்று அவரே வாங்கிய புதியது.

"என் கையா, குண்டா? அது மட்டும் தெரிஞ்சாப் போறும்டா" என்றார். "குண்டுன்னா டப்பாவை மாத்திக்கறேன். கைன்னா துப்பாக்கியை ஒப்படைச்சுடறேன். இன்னொருத்தன் கால் போறதை என்னால பார்த்துண்டு இருக்க முடியாது."

வேட்டைக் குண்டின் விஷயம் இதுதான். செம்பு உறைக்குள் ஈயம் இருக்கும். உடம்புக்குள் போனதும் அதன் நுனி காளான் மாதிரி விரிய வேண்டும், அதே சமயம் உடையாமல் ஒரே துண்டாக உள்ளே போக வேண்டும். விரியாவிட்டால் ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். உடைந்துவிட்டால் தோலுக்கடியிலேயே சிதறி நின்றுவிடும். ஈர நாளிதழ்க் கட்டில் சுட்டுப் பார்த்தால் சதையில் சுட்ட மாதிரி என்று எங்கேயோ படித்திருந்தேன். "ஒரே நாள்ல சொல்லிடறேன்" என்றேன்.

டாலிகஞ்சைத் தாண்டி ஒரு ரைபிள் கிளப். அத்திம்பேரின் நண்பர் ஒருவர் அதில் உறுப்பினர். சணல் கயிற்றால் கட்டிய ஈரக் கட்டுகளை டாக்ஸியில் ஏற்றினோம். சொட்டுச் சொட்டாக இருக்கையில் தண்ணீர் இறங்க, டிரைவர் சர்தார்ஜி கண்ணாடியில் பார்த்து என்ன சாமான் என்று கேட்டார். "ஆபீஸ் காகிதம்" என்றார் அத்திம்பேர், முகம் மாறாமல்.

பழையதில் மூன்று, புதியதில் மூன்று. சுட்ட கட்டுகளை வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு பக்கமாகப் பிரித்தேன். பழைய குண்டுகள் மூன்றும் அழகாக விரிந்து, உடையாமல் கிடைத்தன. புதியவை கொஞ்சம் குறைவாக விரிந்திருந்தன, அவையும் முழுசு. கல்லூரியிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்த தராசில் எடை போட்டேன். பழையவை மூன்றும் ஒரே எடை. குதித்தேன். அப்புறம்தான் உறைத்தது: சுடுவதற்கு முன் எத்தனை எடை என்று தெரியாது. பழைய டப்பாவின் லேபிளைப் பூச்சி அரித்திருந்தது. எதுவும் இழக்காததால் ஒரே எடையா, மூன்றும் ஒரே அளவு இழந்ததால் ஒரே எடையா? இருந்தாலும் வடிவத்தைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"பிரமாதமான குண்டு அத்திம்பேர்!" என்றேன்.

அவர் சாஸரில் இருந்த ஈயக் காளான்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் என்ன சொல்லிவிட்டேன் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. குண்டு நல்லது என்றால் கை கெட்டது.

அந்த நேரத்தில் கீழ்வீட்டு மாஷிமா துணி எடுக்க மாடிக்கு வந்தார். வீட்டுக்காரியும் அவர்தான். தமிழ் தெரியாது; நாங்கள் அவரிடம் பேசுவது வங்காள மொழியில், அதில் மாஷிமா என்றால் பெரியம்மா. ஈரக் காகிதக் குப்பையைச் சுற்றி வந்தார்.

"இது என்னப்பா?"

"இதுதான் பன்றி, மாஷிமா. அதாவது பன்றியின் சதை மாதிரி."

அவர் குனிந்து ஒரு பக்கத்தை விரலால் தூக்கிப் பார்த்தார். "ஹாட் கொதாய்?" என்றார். எலும்பு எங்கே?

நானும் அத்திம்பேரும் வேடிக்கை பார்க்க வந்திருந்த அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று பேரில் ஒருவர்கூட மாமிசத்தைக் கையால் தொட்டதில்லை. எங்கள் மனசில் மிருகம் என்றால் மேலே தோல், உள்ளே ஈரமாக ஏதோ ஒன்று. அவ்வளவுதான்.

"நீ சுட்டது கத்தரிக்காய், பாபா" என்றார் மாஷிமா. "முள் இல்லாத மீனைக்கூட ஆண்டவன் படைக்கவில்லை. பன்றியைப் படைப்பானா?"

மறுநாள் காலை கரியாஹாட் மார்க்கெட்டில் கறிக்கடை வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. "எந்தப் பாகம், எப்படி வெட்ட?" என்றார் கடைக்காரர்.

"தட்டையான, கெட்டியான எலும்பு. வெட்ட வேண்டாம்."

"குழம்புக்கா, வறுக்கவா?"

"காகிதத்துக்கு நடுவே வைப்பதற்கு" என்று சொல்லிவிட்டேன். பின்னால் நின்றவர் அரை அடி தள்ளி நின்றுகொண்டார்.

"பேப்பரோட நிறுத்திக்கோ. அது மாடிப்படி ஏறப்படாது" என்று அம்மா உத்தரவு போட்டிருந்தாள். மாஷிமா அதைத் தன் சமையலறையில் வைத்துக்கொண்டார். கறியைத் தான் சமைத்துக்கொண்டு, ஆட்டுத் தோள்பட்டை எலும்புகள் நாலையும் கழுவிக் கொடுத்தார். ராத்திரியே ஊறப்போட்டிருந்த பேப்பரில் மறுபடி நாலு கட்டு, மறுபடி டாக்ஸி, மறுபடி கிளப். பழையதில் இரண்டு, புதியதில் இரண்டு.

இந்தத் தடவை கீழே, மாஷிமா வீட்டு முற்றத்தில் பிரித்தேன். பழைய குண்டு ஒன்று எலும்பில் பட்டுத் தூளாகியிருந்தது. செம்பு உறை வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து கிடந்தது. இன்னொரு பழைய குண்டு எலும்பின் ஓரமாக நழுவி, நேற்றைப்போல முழுக் காளானாக இருந்தது. புதியதில் ஒன்று எலும்பை உடைத்துக்கொண்டு முழுசாக உள்ளே போயிருந்தது. மற்றொன்றைக் காணவே இல்லை. பின்பக்கமாக வெளியேறிவிட்டது. அது அத்தனை நல்ல குண்டா, அல்லது நான் கட்டிய கட்டு அத்தனை தளர்வா? இரண்டை வைத்து என்ன சொல்ல? இன்னும் இருபது வேண்டும். இருபது தோட்டாவுக்கு எங்கே போவது?

அன்று மாலை சியால்டா ஸ்டேஷனில், பெட்டியில் ஏறுமுன் அத்திம்பேர் திரும்பினார்.

"ஒரே வார்த்தையில சொல்லு. கையா, குண்டா?"

"குண்டுதான்."

"நிச்சயமா?"

"எலும்புல பட்டா உடையறதே, நீங்களே பார்த்தேளே."

"பன்னிக்கு எங்கெங்கே எலும்புன்னு உனக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாதுடா" என்று சிரித்தார். வந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த முகத்தைப் பார்த்தபிறகு இரண்டே குண்டு, ஒன்றுதான் உடைந்தது என்றெல்லாம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. புதிய டப்பாக் குண்டு, முப்பது அடி தூரம், பன்றி நின்ற இடத்திலேயே விழுந்துவிட்டதாம். தொழிலாளர்கள் அதைப் பங்கு போடும்போது ஒரு பெண் பின்பக்கச் சதையில், வாலுக்குக் கொஞ்சம் மேலே, கொழுப்புக்குள் ஒரு ஈயக் கட்டியைக் கண்டெடுத்து அத்திம்பேரிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். பழைய குண்டு. முழுசாக, விரிந்து, நம் வீட்டு சாஸரில் இருந்ததைப் போலவே. பக்கத்தில் எலும்பே இல்லையாம். 'தோளுக்குக் குறிவைத்தேன், பின்பக்கத்தில் பட்டிருக்கிறது. ஆகவே கைதான்' என்று எழுதியிருந்தார்.

நான் இரண்டு முறை படித்தேன். எலும்பு இல்லாத இடத்தில் பழைய குண்டு உடையாது: முதல் நாள் சோதனை சரி. எலும்பில் பட்டால் உடையலாம்: இரண்டாம் நாள் சோதனையும் சரி. ஸ்டேஷனில் நான் சொன்ன பதில்தான் தப்பு. ஆனால் அந்தத் தப்பை நம்பித்தான் அவர் மறுபடி ரைபிளை எடுத்தார், எடுத்ததால்தான் பன்றி விழுந்தது. கெட்ட கை என்றால் இந்தத் தடவை எப்படிப் பட்டது?

"என்ன எழுதியிருக்கார்?" என்றாள் அம்மா.

"பன்னி செத்துப்போச்சாம்."

"அப்போ உன் டெஸ்ட்டு பாஸா?"

"தெரியலைம்மா."

கடிதத்தின் கடைசிப் பத்தி அந்தத் தொழிலாளியைப் பற்றியது. ஈயக் கட்டியை எடுத்துக்கொண்டு அத்திம்பேர் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். தப்பு குண்டினுடையது அல்ல, என்னுடையது, துப்பாக்கியை ஒப்படைத்துவிடப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் கட்டியைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் அடுத்த பன்றி வரும்போது யார் சுடுவார்கள், சாஹப்?" என்று கேட்டாராம். 'அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீ என்ன நினைக்கிறாய்?' என்று கடிதம் முடிந்திருந்தது.

தபாலாபீஸுக்குப் போய் ஒரு இன்லேண்ட் லெட்டர் வாங்கிவந்தேன். ஒப்படைக்க வேண்டாம் என்று எழுதினேன். அடித்தேன். ஒப்படைத்துவிடுங்கள் என்று எழுதினேன். அதையும் அடித்தேன். மிச்சமிருந்த இடத்தில், அந்தத் தொழிலாளி என்ன சொல்கிறாரோ அதன்படி செய்யுங்கள், என்னைக் கேட்காதீர்கள் என்று எழுதி ஒட்டினேன்.