லைல் ஸ்கேக்ஸின் பெயரில் போன கடிதம்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் எண்ணெய்க் கிணறு பார்க்கும் ஆட்களில் பாதிப்பேர் ரோவீனா ஸ்கேக்ஸின் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அவள் எழுதியதில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

காஸ்பர் நகரத்தில், சிறு கிணற்று உரிமையாளர் சங்கத்தின் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. வாஷிங்டனில் ஒரு புது விதியை வரைந்து அரசிதழில் போடுவார்கள். அறுபது நாளுக்குள் யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்பார்கள். சங்கத்து வக்கீல் ஐம்பது பக்கத்தில் ஆட்சேபணை எழுதுவார். கூடவே கிணற்றடியில் நிற்கும் மனிதர்களின் கடிதங்களும் போகவேண்டும். அது ரோவீனாவின் பாடு.

ஆரம்பத்தில் ஒரே கடிதத்தை நகலெடுத்து ஐந்நூறு பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரே மாதிரி இருந்தால் ஐந்நூறையும் அங்கே ஒன்றாகக் கட்டி ஒரே கடிதம் என்று வைத்துவிடுகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் போன் போடுவாள். எத்தனை வருட வேலை, வண்டி எத்தனை மைல் ஓடியிருக்கிறது, கூட வரும் நாயின் பெயர் என்ன என்று கேட்பாள்.

"எதுக்கும்மா நாய் பேரு? நாயா கையெழுத்துப் போடப்போவுது?"

"நாய் போட்டா உங்களுதைவிட அழகா இருக்கும். பேரைச் சொல்லுங்க."

அந்த நாயோடும் அந்த வண்டியோடும் அந்த ஆளின் கோபத்தோடும் கடிதம் பிறக்கும். அவரவர் பேசுகிற மாதிரியே இருக்கும். படித்துப் பார்த்துவிட்டு, "நான் இவ்வளவு நல்லா பேசுவேனா?" என்று கேட்டவர்கள் உண்டு. அவள் பொய் எழுதியதில்லை. அவர்கள் சொல்ல நினைத்து, சொல்ல வராமல் நின்றதை எழுதுகிறோம் என்றுதான் நம்பினாள்.

நம்புவதற்கு அவளுக்குக் காரணமும் இருந்தது. பள்ளிப் படிப்பு முடிகிற வருடம் எண்ணெய் விலை விழுந்து, துளையிடும் கோபுரத்தில் வேலை பார்த்த அப்பா வீட்டில் உட்கார்ந்தார். தெருவில் பாதி வீடுகள் பூட்டிக்கொண்டன. தட்டச்சு படித்தாள், சில அலுவலகங்களில் இருந்தாள், சங்கத்தில் வந்து நின்றாள். இடையில் ஒரு கல்யாணம். அந்த மனிதர் டெக்சஸுக்கு வேலை தேடிப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். மிச்சமிருந்த சொந்தம் தம்பி லைலும் அவன் மனைவி ட்ரூடியும்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டில் மாட்டிறைச்சியும் அவரையும் போட்ட காரக்குழம்பு, தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரொட்டிச்சுருள். பள்ளிக்கூடத்தில் போட்ட அதே ஜோடி. வேறு ஊர்க்காரர்கள் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

லைல், ஊருக்கு வடக்கே அரசாங்க நிலத்தில் இருந்த நாற்பது சொச்சம் பழைய கிணறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிணற்றிலிருந்து எண்ணெய் வந்து சேரும் ஒவ்வொரு தொட்டியின் மேலும் ஏறி, மூடியைத் திறந்து, நாடாவை உள்ளே விட்டு எண்ணெய் எவ்வளவு நிற்கிறது என்று அளக்கவேண்டும். மூடியைத் திறந்ததும் அடைந்து கிடந்த வாயு முகத்தில் வந்து அடிக்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்துவிட்டு இறங்குவார்கள். அப்படித்தான் அப்பன்மார் காலத்திலிருந்து.

ஆறு வருடத்துக்கு முன்பு வாஷிங்டனில் ஒரு விதி வரைந்தார்கள். இனி மூடியைத் திறக்கக் கூடாது. தொட்டிக்குத் தொட்டி கருவி பொருத்தி, கீழே நின்றே அளக்கவேண்டும் என்று. பெரிய கம்பெனிகளுக்கு அது ஒன்றுமில்லை. நாளுக்கு இரண்டு பீப்பாய் தருகிற கிழட்டுக் கிணறு, அந்தக் கருவியின் விலையை அதன் ஆயுளில் சம்பாதிக்காது. மூடவேண்டியதுதான். சங்கம் பதறியதில் பொய் இல்லை.

அந்தமுறை ரோவீனா முந்நூறு பேருக்குப் போன் போட்டாள். லைலுக்குப் போடவில்லை. தம்பிதானே, அவனைப் பற்றி என்ன கேட்கவேண்டியிருக்கிறது? அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"முப்பத்தொரு வருடமாக என் கையால் அந்த மூடியைத் திறக்கிறேன். இன்றும் இரண்டு காலில்தான் நிற்கிறேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எனக்கு வாஷிங்டன் சொல்ல வேண்டியதில்லை."

லைல் வாயில் ரொட்டியோடு படித்தான்.

"ஏ ரோ, இந்த ஆளு பெரிய தைரியசாலியா இருக்கானே. யாரு இவன்?"

"எனக்கு ஒரு தம்பி இருக்கான். மூளை கொஞ்சம் கம்மி. கையெழுத்துப் போடு."

போட்டான். ட்ரூடி பக்கத்தில் வந்து படித்துவிட்டு, "இந்த வாயி வீட்டுல எங்க போவுது?" என்று கேட்டாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

மறுவருடம் விதியைத் தளர்த்தினார்கள். சிறு கிணறுகளுக்கு விலக்கு. அரசிதழில் காரணம் சொல்லும்போது, கிணறு பார்க்கும் ஒருவர் எழுதியதாக அந்தக் காற்று வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். சங்கத்தின் ஆண்டுக்கூட்டத்தில் லைலை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். இறுகிய சட்டைக் கழுத்தோடு எழுந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணைச் சிமிட்டினாள்.

பிறகு ஒரு பிப்ரவரியில், பனி பெய்து ஓய்ந்த காலை, காற்றே இல்லாத நாள். அந்த ஊரில் வருடத்துக்கு நாலைந்து நாள் அப்படி வாய்த்தால் அதிசயம். எண்ணெய் ஏற்ற வந்த லாரிக்காரர் தொட்டியின் மேல் படிக்கட்டு முடிகிற இடத்தில் லைல் குப்புற விழுந்து கிடப்பதைப் பார்த்தார். மூடி திறந்திருந்தது. நாடா உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் மாரடைப்பு என்றார்கள். ஐம்பத்திரண்டு வயது, சிகரெட், யாரும் சந்தேகப்படவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு மூன்று வாரம் கழித்து வந்தது. இதயத்தில் ஒன்றும் இல்லை. ரத்தத்தில் வாயு இருந்தது. இரண்டு மூச்சு போதுமாம்.

ரோவீனா வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். வேறு விதிகள் வந்தன, வேறு கடிதங்கள் எழுதினாள். போன் போட்டால் முன்போல் சிரிக்க வரவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ரூடி வீட்டுக்குப் போனாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, லைலைத் தவிர எல்லாவற்றையும் பேசினார்கள்.

இந்த வசந்தத்தில் வாஷிங்டன் அந்த விதியை மறுபடி கையில் எடுத்தது. சங்கத் தலைவர் கென்ட் மஸ்கிரேவ் வக்கீலின் வரைவை அவள் மேசையில் வைத்தார். ரோவீனாவைவிடப் பத்து வயது சிறியவர். லைலின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவர்.

"பழைய கடிதங்களையும் இணைப்பா சேத்துடலாம்னு வக்கீல் சொல்றாரு. புதுசா எழுதற வேலை உங்களுக்குக் கம்மி."

அவள் பட்டியலைப் பார்த்தாள். முதல் பெயர் லைல் ஸ்கேக்ஸ்.

"இதை எடுத்துடுங்க, கென்ட்."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நானும் யோசிக்காம இல்ல. ஆனா வாஷிங்டன்ல எடுத்துப் போட்டது அது ஒண்ணுதான். அதை எடுத்தா, ஏன் எடுத்தீங்கன்னு கேப்பாங்க."

"எழுதுன ஆளு செத்துட்டான்னு சொல்லுங்க."

"எப்படிச் செத்தான்னு அடுத்த கேள்வி வரும்." குரலைத் தாழ்த்தினார். "அந்த விதி வந்தா நம்ம ஆளுங்க எண்பது பேருக்கு வேலை போயிடும், ரோவீனா. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அந்த எண்பது பேரின் குரலும் அவளுக்குத் தெரியும்.

ஒரு முறை வாஷிங்டன் கோப்பில் ஏறிய கடிதத்தை யாரும் இறக்க முடியாது. அவளே பலருக்குச் சொன்ன சட்டம் அது. கையெழுத்துப் போட்டவரே கேட்டாலும் அதை மறுத்து மேலே ஒரு கடிதம் வைக்கலாமே தவிர, கீழே இருப்பது இருக்கும். இறந்தவருக்காக மனைவி பேசலாமா என்று வாஷிங்டனுக்குப் போன் போட்டு விசாரித்தாள். ஆட்சேபித்து எழுதலாம், சேர்த்துக்கொள்வோம் என்றார் மறுமுனையில் ஒரு பெண், மிக மரியாதையாக.

மறுநாள் மதியம் ட்ரூடியைப் பார்க்கப் போனாள். ட்ரூடி வாசலில் காற்று சாய்த்துவிட்டிருந்த வேலிக்கம்பை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டபிறகும் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

"எதுக்கு எடுக்கணும்?"

"அவன் பேரை வச்சு, அவனைக் கொன்னதையே நல்லதுன்னு சொல்லப்போறாங்க, ட்ரூடி."

"அவன் சொன்னதுதானே அது."

ட்ரூடி கம்பின் தலையில் ஓர் அடி போட்டாள்.

"லைல் சொல்லி யாரு கேட்டா வாழ்க்கைல? முதலாளி கேட்டானா? உங்க அப்பா கேட்டாரா? ஒரே ஒரு தடவை அரசாங்கம் கேட்டுச்சு. அச்சடிச்சுப் போட்டுச்சு. அதையும் புடுங்கப் பாக்கறியே, நீ அக்காவா?"

"அது நான் எழுதினது."

"கையெழுத்து அவன் போட்டான். முட்டாளா அவன்?"

"இல்ல."

"அப்ப விட்டுடு. நான் எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போடமாட்டேன். நீ எழுதினதுக்கு இந்த வீட்டுல கையெழுத்துப் போட்டதெல்லாம் போதும்."

கருத்துச் சொல்லும் கெடு முடிய நான்கு நாள் இருந்தது. சங்கத்தின் மனு எல்லா இணைப்புகளோடும் போனது. ரோவீனாதான் அனுப்பினாள், அவள் வேலை அது. அனுப்பிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் நகர நூலகத்துக்குப் போய் அங்கிருந்த கணினியில் உட்கார்ந்தாள். முதல் வரியில் நாயின் பெயரையோ வண்டியின் மைலையோ தேடிப் பழகிய கை தடுமாறியது. தன் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்தாள். கடைசியில் போனது ஐந்து வரி.

"என் பெயர் ரோவீனா ஸ்கேக்ஸ். லைல் ஸ்கேக்ஸ் பெயரில் உங்களிடம் உள்ள கடிதத்தை எழுதியவள் நான். நான் ஒரு நாளும் தொட்டி மேல் ஏறியதில்லை. அவன் ஏறினான், இறந்தான். அந்தக் கடிதத்தை அவன் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்."

உங்கள் கருத்துக்கு நன்றி என்று திரை சொன்னது. பதினொரு இலக்கத்தில் ஓர் எண் கொடுத்தது.

ஒன்பது நாள் கழித்து அது எல்லோரும் படிக்கும்படி வெளியானது. கென்ட் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். கோபம் இல்லை, அழுதுவிடுவார் போலிருந்தது.

"இனி நாம அனுப்பின ஒவ்வொரு கடிதத்தையும் யாரு எழுதினதுன்னு கேப்பாங்க."

"நான்தான் எழுதினேன்."

"அதைச் சொல்லாம இருக்கறதுக்குத்தான் ரோவீனா, இத்தனை வருஷம் உங்களை வச்சிருந்தோம்."

வேலை போயிற்று. மேசையைக் காலி செய்து பெட்டியில் போட அவளிடம் அதிகம் இருக்கவில்லை. அவளைப் பழித்தவர்கள் சிலர், அவள் கூப்பிட்டால் போனை எடுக்காதவர்கள் பலர். நாற்பது வருடம் கிணறு பார்த்த ஒரு கிழவர் மட்டும் கூப்பிட்டு, "என் கடிதத்தையும் இல்லன்னு சொல்லிடுவியா?" என்று பயந்து கேட்டார். தன் பெயரில் இருந்த அந்த ஒரு பேச்சும் போய்விடுமோ என்று அவர் பயந்தது அவளுக்குப் புரிந்தது. சொல்லமாட்டேன் என்றாள்.

ஒரு சனிக்கிழமை காலை ட்ரூடியின் வண்டி அவள் வீட்டு முன்னால் வந்து நின்றது. ட்ரூடி இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினாள். காற்றில் அவள் தலைமுடி முகத்தை மூடிக்கொண்டது, ஒதுக்கவும் இல்லை.

"நீ எழுதினதைப் படிச்சேன்."

"உள்ள வா, ட்ரூடி."

"சண்டைக்கு வரல. ஒண்ணு கேக்கணும், கேட்டுட்டுப் போறேன்." ஸ்டியரிங்கைப் பார்த்தபடி பேசினாள். "மேல ஏறிட்டு வந்தா சில நாள் தலைவலின்னு படுத்துப்பான். கை நடுங்கும். பயமா இருக்கான்னு கேக்க எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வரும். அந்தக் கடிதம் நெனப்பு வரும். பயமில்லன்னுதான் எழுதிட்டானே, அப்புறம் எதுக்குக் கேக்கணும்னு விட்டுடுவேன்." நிறுத்தினாள். "அது அவன் சொன்னது இல்லன்னா, அவன் என்ன நெனச்சான், ரோ? உங்கிட்ட சொல்லியிருப்பான்ல?"

ரோவீனா வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் அவர்கள் நினைத்ததை எழுதிக் கொடுத்தவளுக்கு, தம்பிக்கென்று ஒரு வாக்கியம் வரவில்லை. இப்போதும் ஒன்று எழுதிவிட முடியும். ட்ரூடி நம்புவாள், நம்பத்தான் வந்திருக்கிறாள்.

"நான் அவனைக் கேக்கல, ட்ரூடி."

ட்ரூடி தலையை ஆட்டினாள். கண்ணாடியை ஏற்றினாள். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. வண்டி வெகுநேரம் கிளம்பவில்லை. ரோவீனாவும் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.